பூஞ்சைக்கு இல்லாதது

1957ஆம் ஆண்டு ‘ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜி’ இதழில் லூசில் ஜார்ஜ், எல். பி. கேம்ப் இருவரும் எழுதிய ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. தோலிலும் முடியிலும் நகத்திலும் படரும் பூஞ்சைகளை இனங்காண ஆய்வுக்கூடங்கள் அன்றாடம் செய்யக்கூடிய ஊட்டச் சோதனைகள் எவை என்பதே அதன் பொருள். புதிய உயிரினம் எதையும் அது அறிவிக்கவில்லை, புதிய மருந்தையும் சொல்லவில்லை. அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட கட்டுரைகளை அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் வைட்டமின்களைப் பற்றிய அறிவும் பூஞ்சை நோய்களைப் பற்றிய அறிவும் ஒன்றையொன்று சந்தித்துப் பலன் தந்த இடங்களில் அந்தக் கட்டுரைக்கு நிகரானவை அதிகமில்லை. லூசில் ஜார்ஜ் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள தொற்றுநோய் மையத்தில், இன்று சி.டி.சி. என்று உலகம் அறிந்த நிறுவனத்தில், பூஞ்சையியல் பிரிவில் பணியாற்றியவர். ஒரு கிருமி எதைச் செய்கிறது என்று கேட்பதே நோய்க்கிருமி ஆய்வின் வழக்கம். அவர் ஆய்வின் அடியில் ஓடிய கேள்வி வேறு: இந்தப் பூஞ்சையால் எதைத் தனக்குத் தானே செய்துகொள்ள முடியவில்லை? இந்த எதிர்மறைக் கேள்விதான் அவருடைய பங்களிப்பின் சாரம் என்பது என் வாதம். ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாயைத் தாண்டியும் அந்தக் கேள்விக்கு ஆயுள் இருந்தது.

அந்தக் கேள்வி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதற்கு முந்தைய குழப்பத்தைப் பார்க்கவேண்டும். படர்தாமரை, தலைப்படை, நகச்சொத்தை போன்றவற்றை உண்டாக்கும் பூஞ்சைகளை முதலில் ஒழுங்குபடுத்தியவர் பாரிஸ் தோல் மருத்துவர் ரெமோன் சபூரோ. 1910இல் வெளியான அவருடைய பெரும் நூல் இத்துறையின் அடித்தளம். அவர் பெயரால் அழைக்கப்படும் வளர்ப்பு ஊடகம் இன்றும் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் உண்டு. ஆனால் பூஞ்சைக் கூட்டம் தட்டில் வளரும்போது காட்டும் நிறம், மடிப்பு, பஞ்சுத்தன்மை, நோயாளியிடம் தோன்றும் படையின் வடிவம் ஆகியவற்றையே அவருடைய முறை பெரிதும் நம்பியது. இவையெல்லாம் ஊடகத்துக்கு ஊடகம் மாறுபவை. அதனால் ஒரே பூஞ்சை பல பெயர்களில் பதிவாயிற்று. 1934இல் செஸ்டர் எம்மன்ஸ், வித்துகளின் வடிவத்தைக் கொண்டே பேரினங்களைப் பிரிக்கவேண்டும் என்று கறாராக வரையறுத்தபோது இந்தக் காடு ஓரளவு வெட்டித் திருத்தப்பட்டது. அந்த வரையறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. சில பூஞ்சைகள் ஆய்வுக்கூடத்தில் வித்தே விடுவதில்லை. கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு கூட்டம் அப்படிப்பட்டது. சபூரோ ஊடகத்தில் அது மெல்ல மெல்ல, கூழாங்கல் போன்ற சிறு மேடாக வளர்ந்து நின்றுவிடும். வெள்ளையாக இருந்தால் ஒரு பெயர், மஞ்சளாக இருந்தால் வேறு பெயர், தட்டையாக இருந்தால் மூன்றாவது பெயர் என்று அதற்குப் பெயர்கள் குவிந்தன. வித்தே இல்லாத ஒன்றை வித்தைக் கொண்டு எப்படி வகைப்படுத்துவது?

விடைக்கான கருவி தோல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. சாராய ஆலைகளுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் சொந்தமான ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சையின் ஆய்விலிருந்து வந்தது. 1860இல் பாஸ்டர், சர்க்கரையும் அம்மோனியம் உப்பும் ஈஸ்ட்டின் சாம்பலும் இருந்தால் போதும், ஈஸ்ட் வளரும் என்றார். ஜெர்மானிய வேதியியலர் லீபிக் அதை ஏற்கவில்லை. தன் கையில் அது வளரவில்லை என்றார். இருவரும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரில் வில்டியர்ஸ் 1901இல் சிக்கலை அவிழ்த்தார். நிறைய ஈஸ்ட்டைப் போட்டால் வளர்கிறது. துளியளவு போட்டால் வளரவில்லை. நிறையப் போடும்போது, இறந்த செல்களிலிருந்து ஏதோ ஒரு பொருளும் கூடவே உள்ளே போய்விடுகிறது. அதற்கு அவர் ‘பயோஸ்’ என்று பெயரிட்டார். அந்தப் பயோஸ் ஒரு பொருளன்று, ஒரு தொகுப்பு என்பது பின்னர் தெரிந்தது. 1928இல் அதன் ஒரு பகுதி இனோசிட்டால் என்று அடையாளம் காணப்பட்டது. 1936இல் கோகலும் டோனிஸும் சுமார் 250 கிலோ உலர்ந்த முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து, வடித்து, ஒரு மில்லிகிராம் அளவே பயோட்டினைப் பிரித்தெடுத்தார்கள். இதே காலத்தில் மறுபுறம் மனித ஊட்டக்குறை நோய்களின் கதை நடந்துகொண்டிருந்தது. 1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்; 1926இல் ஜாவாவில் யான்சனும் டோனத்தும் அரிசித் தவிட்டிலிருந்து தயமினைப் படிகமாக எடுத்தார்கள். 1934இல் சுவிட்சர்லாந்தின் ஷோப்ஃபர், ஃபைகோமைசிஸ் என்ற பூஞ்சைக்கும் அதே தயமின் இல்லாமல் வாழ்வில்லை என்று காட்டினார். கோழிக்கும் மனிதனுக்கும் பெரிபெரி தந்த குறைதான் ஒரு பூஞ்சையையும் நிறுத்திவைக்கிறது. வைட்டமின் என்பது மனித உணவின் விஷயம் மட்டுமல்ல, உயிர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு வேதியியல் என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது. நியூயார்க் தாவரவியல் பூங்காவின் வில்லியம் ராபின்ஸ் பல பூஞ்சைகளின் வைட்டமின் குறைகளைப் பட்டியலிட்டார். தோல் பூஞ்சைகளும் அவற்றில் சேர்ந்தன.

லூசில் ஜார்ஜ் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பழைய வகைப்பாட்டுச் சிக்கலின் மேல் வைத்தார். 1950இலும் 1951இலும் ‘மைக்காலஜியா’ இதழில் வந்த அவருடைய கட்டுரைகள், ஊட்டத்துக்கும் பூஞ்சையின் வளர்ச்சிக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவைப் பேசின. முதலாவது, மேலே சொன்ன கால்நடைப் பூஞ்சைக் கூட்டத்தைப் பற்றியது. தயமினும் இனோசிட்டாலும் போதிய அளவு கிடைத்தபோது, காலமெல்லாம் ஊனமாகக் கருதப்பட்ட அந்தப் பூஞ்சை தாராளமாக வளர்ந்தது. வித்தும் விட்டது. அந்த வித்துகள் டிரைக்கோபைட்டான் பேரினத்துக்குரியவை. ஆக, வெவ்வேறு பெயர்களில் இருந்தவை தனித்தனி இனங்கள் அல்ல. அவை பசியோடிருந்த ஒரே இனத்தின் பல தோற்றங்கள். இன்று அதற்கு டிரைக்கோபைட்டான் வெருகோசம் என்று பெயர். இந்த முடிவின் கூர்மையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முந்தைய தலைமுறை, பூஞ்சையின் வடிவத்தை அதன் இயல்பு என்று எடுத்துக்கொண்டது. ஜார்ஜ் காட்டியது, அந்த வடிவத்தில் ஒரு பகுதி பட்டினியின் விளைவு என்பதை. பட்டினி கிடந்த உயிரியைப் பார்த்து வரைந்த படத்தை வைத்துக்கொண்டு வகைப்பாட்டு நூல் எழுதியிருக்கிறோம் என்பது எந்தத் துறைக்கும் சங்கடமான செய்திதான்.

இந்த அறிவைச் சோதனையாக மாற்றியதில் இன்னொரு திறமை இருக்கிறது. வைட்டமின் நீக்கிய கேசின் என்ற பால் புரதத்தைக் கொண்டு ஓர் அடிப்படை ஊடகம் தயாராகிறது. அதை அப்படியே ஒரு குழாயில் விடுவது. ஒரு குழாயில் இனோசிட்டால், ஒன்றில் தயமின், ஒன்றில் இரண்டும், ஒன்றில் நிக்கோட்டினிக் அமிலம் சேர்ப்பது. அம்மோனியம் நைட்ரேட்டை அடிப்படையாகக் கொண்ட வேறு இரு குழாய்களில் ஒன்றுக்கு மட்டும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். பின்னாளில் இவை ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்ட ஊடகங்களாகக் கடைகளில் கிடைத்தன. சேர்க்கும் அளவைப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் இனோசிட்டால், ஆனால் தயமின் 0.2 மில்லிகிராம்தான். இவ்வளவு குறைவான அளவே ஒரு பூஞ்சை வளர்வதையும் வளராததையும் தீர்மானிக்கிறது என்பதால் சோதனையில் ஏமாறுவது மிக எளிது. பூஞ்சையைப் பழைய ஊடகத்திலிருந்து எடுக்கும்போது குண்டூசித் தலையளவுக்கு மேல் எடுத்தால், ஒட்டிக்கொண்டு வரும் பழைய ஊட்டமே புதிய குழாயில் அதை வளர்த்துவிடும். பாஸ்டரையும் லீபிக்கையும் மோதவிட்ட அதே பிழை, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் இங்கே எச்சரிக்கையாகத் திரும்பி வருகிறது. குழாயில் பாக்டீரியா கலந்திருந்தாலும் கெட்டது; பாக்டீரியா தானே வைட்டமின்களைச் செய்து பூஞ்சைக்கு ஊட்டிவிடும், சோதனை பொய் சொல்லும். ஆகவே தூய வளர்ப்பு முன்நிபந்தனை. ஜார்ஜும் லிபரோ அஜெல்லோவும் அவர்களுடைய சகாக்களும் 1950களின் முற்பகுதியில் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த தேர்வு ஊடகங்களை உருவாக்கியது தற்செயல் அல்ல. காற்றில் வந்து விழும் சாதாரணப் பூசணங்களில் பலவற்றை அது தடுக்கும், தோல் பூஞ்சைகளை விட்டுவைக்கும்; பாக்டீரியாவை அடக்க எதிருயிரிகள் கூடச் சேர்க்கப்பட்டன. நோயாளியின் தோல் செதிலிலிருந்து தூய பூஞ்சையைப் பிரிக்க ஒரு வழி, பிரித்ததை அடையாளம் காண ஒரு வழி: இரண்டும் ஒரே திட்டத்தின் இரு பாதிகள். இதைத் தனித்தனிக் கண்டுபிடிப்புகளாகப் படித்தால் அவருடைய ஆய்வு வாழ்க்கையின் ஒழுங்கு கண்ணில் படாது.

குழாய்கள் தந்த விடைகள் தெளிவானவை. வெருகோசத்தின் பெரும்பாலான வகைகளுக்குத் தயமினும் இனோசிட்டாலும் இரண்டும் வேண்டும், சிலவற்றுக்குத் தயமின் மட்டும். தலைப்படை உண்டாக்கும் டான்சுரன்ஸ் இனம் தயமின் இல்லாமல் ஏதோ கொஞ்சம் வளரும், தயமின் கிடைத்தால் செழிக்கும். குதிரைகளிடம் காணப்படும் ஈக்வைனம் இனத்துக்கு நிக்கோட்டினிக் அமிலம் கட்டாயம். மெக்னினை என்று அழைக்கப்பட்டதற்கு ஹிஸ்டிடின். உலகெங்கும் மனிதரை அதிகம் தாக்கும் ரூப்ரம், மென்டாக்ரோபைட்ஸ் இனங்களுக்கு எந்த வைட்டமினும் வெளியிலிருந்து தேவையில்லை.

சரி, பெயர் தெரிந்து என்ன பயன்? மருந்து ஒன்றேயானால் பூஞ்சையின் பெயர் எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை 1957க்குக் கொண்டுபோய்க் கேட்கவேண்டும். தலைப்படைக்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடிய முதல் நல்ல மருந்தான கிரிசியோஃபுல்வின், 1939இலேயே ஒரு பெனிசிலியத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தும், விலங்குகளில் தோல் பூஞ்சையைக் குணப்படுத்துகிறது என்று காட்டப்பட்டது 1958இல்தான். அதற்கு முன் பல நாடுகளில் குழந்தைகளின் தலைமுடியை எக்ஸ்கதிர் செலுத்தி உதிர்த்தார்கள். சபூரோ தொடங்கிவைத்த முறை அது. அப்படிக் கதிர் பெற்ற குழந்தைகளிடம் பல ஆண்டுகள் கழித்து மூளையிலும் தைராய்டிலும் கட்டிகள் கூடுதலாகத் தோன்றியதை 1970களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மருந்தில்லாத அக்காலத்தில் நோயை நிறுத்த ஒரே உருப்படியான வழி, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டு அந்த வாயிலை அடைப்பது. வெருகோசம் என்றால் மாட்டுக் கொட்டகையைப் பார். ஈக்வைனம் என்றால் குதிரை லாயத்தை. டான்சுரன்ஸ் என்றால் பள்ளியிலும் வீட்டிலும் உள்ள மற்றக் குழந்தைகளை. பூஞ்சையின் பெயர் அன்று ஒரு முகவரி. 1952இலேயே ஜார்ஜ், டான்சுரன்ஸ் தலைப்படை அமெரிக்காவில் ஒரு புதிய பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகிறது என்று எழுதினார். அப்போது அங்கே தலைப்படை என்றால் மைக்ரோஸ்போரம் என்ற வேறொரு பூஞ்சை. புற ஊதா விளக்கைத் தலையில் காட்டினால் பச்சையாக ஒளிரும், பள்ளிக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி நிமிடங்களில் பிரித்துவிடலாம். டான்சுரன்ஸ் ஒளிராது. விளக்கை நம்பிய பள்ளிச் சோதனைகளில் அது அகப்படாமல் தப்பியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அமெரிக்காவின் தலைப்படைக்கு அதுவே முதன்மைக் காரணமானது. அந்த எச்சரிக்கையின் மதிப்பு இதிலிருந்து விளங்கும். கால்நடைப் பக்கத்திலும் இதே தர்க்கம் பலித்தது: 1970களில் சோவியத் ஒன்றியத்தில் வெருகோசத்துக்கு எதிராகக் கால்நடைத் தடுப்பூசி வந்தது, பின்னர் நார்வே அதைக் கொண்டு பண்ணைகளில் நோயை வெகுவாகக் குறைத்தது. இன்ன பூஞ்சை என்று உறுதியாகத் தெரியாமல் இப்படியொரு தடுப்பூசித் திட்டத்தை யாரும் தொடங்க முடியாது.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவாக வைக்கக்கூடியது டி.என்.ஏ. இன்று ஒரு மரபுத் துண்டை வாசித்தால் சில மணி நேரத்தில் இனம் தெரிந்துவிடுகிறது. இரண்டு வாரம் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் தேவையில்லை. மெக்னினை இனம் இன்று தனி இனமாகவே நிற்கவில்லை, மரபணு ஆய்வுகள் அதை ரூப்ரத்தின் சுற்றத்துக்குள் சேர்த்துவிட்டன. ஹிஸ்டிடின் சோதனை ஒரு காலத்தில் இனத்தை வரையறுத்தது, இப்போது ஒரு வகையின் விசித்திரத்தை மட்டும் காட்டுகிறது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் டான்சுரன்ஸையும் ஈக்வைனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இனங்காண வழக்கமாக வாசிக்கப்படும் மரபுத் துண்டில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு மிகச் சிறிது. ஒன்று மனிதக் குழந்தையின் தலையில் வாழ்கிறது, மற்றது குதிரையின் தோலில். ஒன்றுக்கு நிக்கோட்டினிக் அமிலத்தைச் செய்துகொள்ளத் தெரியும், மற்றதற்குத் தெரியாது. மரபுத் துண்டின் எழுத்துகள் சொந்தத்தைச் சொல்கின்றன. வாழ்க்கை முறையைச் சொல்வதில்லை. டி.என்.ஏ. பழைய சோதனையின் வேலையை எடுத்துக்கொண்டது உண்மை. அந்தச் சோதனை எழுப்பிய கேள்விக்கு அது இன்னும் பதில் சொல்லவில்லை.

அடுத்த மறுப்பு உள்ளிருந்தே வருகிறது, அதனால் கூடுதல் கனமானது. வைட்டமின் குறை என்பது பூஞ்சை தன் விருந்தோம்பியைச் சார்ந்துவிட்டதன் அடையாளம் என்று சொன்னால், மனிதரை விட்டு வேறெங்கும் வாழத் தெரியாத ரூப்ரத்துக்கு எல்லாக் குறையும் இருக்கவேண்டுமே? அதற்கோ எந்தக் குறையும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நிக்கோட்டினிக் அமிலம் தேவைப்படாத ஈக்வைனம் வகை ஒன்று இருக்கிறது. அதுவும் குதிரையில்தான் வாழ்கிறது. ஆக, சார்ந்து வாழும் உயிரிக்கெல்லாம் குறை இருக்கும் என்ற விதி நிற்காது. நிற்பது அதைவிடச் சிறிய கூற்று: கட்டாயக் குறை உள்ள உயிரி, அந்தப் பொருள் தொடர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் பல தலைமுறைகள் வாழ்ந்திருக்க முடியும். இருப்பதை இழந்தும் அழியாமலிருக்கிறது என்றால், இழந்ததை யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திசை ஒருவழிப்பட்டது. இந்தச் சிறிய கூற்றைத் தாண்டி ஜார்ஜின் சோதனைகள் எதையும் நிரூபிக்கவில்லை. அவருடைய கட்டுரைகளும் இனங்காணும் எல்லையைத் தாண்டி அகலக் கால் வைக்கவில்லை. அந்த அடக்கம் அவருடைய பலம்.

அந்தக் கூற்றுக்குள் என்ன புதைந்திருந்தது என்பதைப் பிற்காலம் தோண்டியெடுத்தது, அதுவும் தோலில் அல்ல, சிறுநீர்ப் பாதையில். கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற ஈஸ்ட், இப்போது நாகசியோமைசிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டிருப்பது, மருத்துவமனைகளில் இரத்தத் தொற்றையும் சிறுநீர்த் தொற்றையும் உண்டாக்கும். அதனால் நிக்கோட்டினிக் அமிலத்தைச் செய்துகொள்ள முடியாது. 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் பிரெண்டன் கார்மக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குறை நோயை நடத்தும் விசையாகவே மாறுவதைக் காட்டியது. அந்த ஈஸ்ட்டிடம் மனித செல்களில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களின் மரபணுக்கள் பல உண்டு. வழக்கமாக அவை பூட்டப்பட்டிருக்கும். பூட்டை இறுக்கிப் பிடித்திருப்பது சர்2 என்ற நொதி. அது வேலை செய்ய என்.ஏ.டி. என்ற மூலக்கூறு வேண்டும்; என்.ஏ.டி. நிக்கோட்டினிக் அமிலத்திலிருந்து உருவாவது. சிறுநீரில் அந்த வைட்டமின் மிகக் குறைவு. குறையும்போது நொதி தளர்கிறது, பூட்டு திறக்கிறது, ஒட்டும் புரதம் வெளியே வருகிறது, ஈஸ்ட் சிறுநீர்ப்பையின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. தன்னிடம் இல்லாத ஒன்றை, தான் எங்கே இருக்கிறோம் என்று அறியும் உணர்கருவியாக ஓர் உயிரி பயன்படுத்துகிறது! நிக்கோட்டினிக் அமிலம் போட்ட குழாயையும் போடாத குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த 1957இன் சோதனைக்கும் இதற்கும் நேரடி வம்சத்தொடர்பு இருப்பதாகச் சொன்னால் மிகையாகும். கேள்வி ஒன்றே என்று சொல்வது மிகையல்ல.

நிமோசிஸ்டிஸ் இதே கேள்வியைத் தலைகீழாக்குகிறது. எய்ட்ஸ் பரவிய தொடக்க ஆண்டுகளில் ஏராளமானோரின் நுரையீரலைத் தாக்கிக் கொன்ற இந்த உயிரி நெடுங்காலம் ஒட்டுண்ணியாகக் கருதப்பட்டது. 1988இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஒப்பீடு அதைப் பூஞ்சைகளின் கூட்டத்தில் சேர்த்தது. பெரும்பாலான அமினோ அமிலங்களைச் செய்யும் திறனையே அது இழந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியாத அளவுக்கு நுரையீரலை நம்பி வாழ்கிறது. ஜார்ஜின் குழாய்களில் அது ஒன்றிலும் வளராது. பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டெராலைக் குறிவைக்கும் வழக்கமான மருந்துகளும் அதனிடம் பலிப்பதில்லை, ஏனெனில் அந்த எர்கோஸ்டெரால் அதனிடம் இல்லை. இத்தனை இழந்தும் ஒன்றை இன்னும் தானே செய்துகொள்கிறது: ஃபோலேட். மனிதர்களால் ஃபோலேட் செய்ய முடியாது, உணவில் பெறுகிறோம். ஆகவே ஃபோலேட் தயாரிப்பை அடைக்கும் சல்ஃபா மருந்து நம்மைத் தொடாமல் அதை மட்டும் பட்டினி போடுகிறது. டிரைமெத்தோபிரிமும் சல்ஃபமெதாக்சசோலும் சேர்ந்த மாத்திரை இன்றும் அதற்கு முதல் மருந்து. சல்ஃபா எப்படி வேலை செய்கிறது என்ற முதல் துப்பு 1940இல் டொனால்டு உட்ஸுக்கு ஈஸ்ட் சாற்றிலிருந்து கிடைத்தது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். எது பூஞ்சையிடம் இல்லை என்பது ஜார்ஜுக்கு அடையாளம் காண உதவியது; எது நம்மிடம் இல்லை என்பது மருந்துக்கு வழிவிட்டது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒப்பீடு.

இவ்வளவும் படித்த ஒருவர் கேட்கக்கூடிய நடைமுறைக் கேள்வி ஒன்று உண்டு. பூஞ்சைக்குத் தயமின் தீனி என்றால், படை உள்ளவர் பி வைட்டமின் மாத்திரையை நிறுத்தவேண்டுமா? வேண்டியதில்லை. வைட்டமின் இல்லாமல் சலித்தெடுத்த கேசின் குழாயும் மனித உடலும் ஒன்றல்ல. உயிருள்ள உடலில் இந்தப் பொருள்கள் எப்போதும் ஓரளவு இருக்கும், அவற்றை இல்லாமலாக்கினால் பூஞ்சைக்கு முன் மனிதர்தான் நோயாளியாவார். திசையும் நாம் நினைக்கும் பக்கம் இல்லை. கிளாப்ரேட்டாவின் கதையில் வைட்டமின் கூடியதால் அல்ல, குறைந்ததால்தான் அது ஒட்டிக்கொள்கிறது. 2010இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள், அதே வைட்டமினின் இன்னொரு வடிவமான நிக்கோட்டினமைடை அதிக அளவில் கொடுத்தால் கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சைக்கு அது நஞ்சாகிறது என்று காட்டினார்கள். அதன் மரபுச் சுருளைப் பராமரிக்கும் ஒரு நொதி அதனால் முடங்குகிறது. இதை வைத்துக்கொண்டு வைட்டமின் மாத்திரையைப் பூஞ்சை மருந்தாகப் பரிந்துரைப்பதும் அதே அளவு தவறு. ஆய்வுக்கூட முடிவுகள் உணவுத் தட்டுக்கு நேராக நடந்துவருவதில்லை.

ஜார்ஜின் பிற்கால ஆய்வு வேறு பக்கம் திரும்பியது. 1960களில் அவர் ஆக்டினோமைசிஸ் கூட்டத்தை எடுத்துக்கொண்டார். இழையிழையாகக் கிளைவிடுவதால் ஒரு காலத்தில் பூஞ்சை என்றே கருதப்பட்டு, உண்மையில் பாக்டீரியா என்று தெளிவானவை அவை. அங்கேயும் தோற்றம் ஏமாற்றியது, அங்கேயும் உடலியங்கியல் சோதனைகள் தேவைப்பட்டன. 1967இல் ஜே. எம். பிரவுனுடன் சேர்ந்து ரோத்தியா என்ற பாக்டீரியப் பேரினத்தை வரையறுத்தார். 1990இல் வாயில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு அவர் நினைவாக ஆக்டினோமைசிஸ் ஜார்ஜியே என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சைகளுக்காக அறியப்பட்டவர் பெயர் பாக்டீரியாவில் நிலைத்தது.

இந்தியாவுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. கடந்த பத்தாண்டுகளில் இங்கே படர்தாமரை பிடிவாதமான, திரும்பத் திரும்ப வரும் நோயாக மாறியிருக்கிறது. அதன் பின்னால் உள்ள பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிடப்பட்டது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து தாக்கவேண்டிய நொதியில் மரபு மாற்றம் கொண்ட வகைகள் இதில் ஏராளம். மருந்து சாப்பிட்டும் படை போகாததற்கு அது ஒரு காரணம். 2023இல் அமெரிக்காவின் முதல் இரண்டு நோயாளிகளை நியூயார்க்கிலிருந்து பதிவு செய்தது, ஜார்ஜ் பணியாற்றிய அதே சி.டி.சி. இந்தப் பூஞ்சைக்கு வைட்டமின் தேவையில்லை, ஏழு குழாய்கள் இதை அதன் உறவினத்திலிருந்து பிரித்துக் காட்டமாட்டா. மரபுத் துண்டை வாசித்தே தீரவேண்டும். ஆனால் எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்த்துச் சொல்லும் மேசை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இருந்தாகவேண்டும் என்ற தேவை 1957இல் இருந்ததைவிட இன்று அதிகம். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் எதிருயிரியும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் நாட்டில், இனங்காணாமல் மருந்திடுவதுதான் வழக்கமாகிவிட்டது. தோலில் வட்டமாகப் படை கண்டால் அந்தக் களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள். மருந்து எழுதும் முன் படையைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், திரும்பத் திரும்ப வந்தால் வளர்ப்புச் சோதனையும் கேளுங்கள்.